யூவா வாங் மூன்று பேர்

அட்டவணையில் வெள்ளையருக்கு எண் இருந்தது. கறுப்பினத்தவருக்கு இருந்தது, சீனருக்கும் வியட்நாமியருக்கும் இருந்தது. போருக்குப் பயந்து மலைநாட்டிலிருந்து அகதிகளாக வந்த எங்கள் ஹ்மாங் இனத்தின் வரிசையில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில்: ‘பதினாறு நோயாளிகளுக்குக் குறைவு, விகிதம் வெளியிடப்படவில்லை.’

ஐந்து வருடத்துக் கல்லீரல் புற்றுநோய்க் கணக்கு அது. அந்த ஐந்து வருடத்தில் செயின்ட் பால் நகரில், கல்லீரல் கெட்டுப் போனவர்களுக்காக நான் போய் உட்கார்ந்த சாவு வீடுகளையே விரல் விட்டு எண்ணி மாளாது. ஒவ்வொன்றும் மூன்று நாள். கால் மரத்துப்போய்த்தான் எழுந்து வருவேன். பதினாறு பேர் கூடவா தேறவில்லை?

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மாநிலப் புற்றுநோய்ப் பதிவகத்தில் வேலை. அம்மாவுக்கு ஊசிக் குழல்களைப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலை. மாதக் கடைசியில் மாவட்டக் குழு கூடவிருந்தது: இலவசக் கல்லீரல் பரிசோதனை எந்த மக்களுக்கு என்று முடிவு செய்ய. எண் இல்லாதவர்களுக்கு எதுவும் கிடையாது. எண் இல்லாததால் எங்களை ‘ஆசியர்’ என்ற மொத்தக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் பணக்காரப் புறநகரில் தினமும் ஓடப்போகும் கம்ப்யூட்டர் ஆட்களும் சேர்த்தி. சராசரி ரொம்ப ஆரோக்கியமாக இருந்தது.

“சின்ன எண்ணை வச்சுப் பெருசா எதுவும் சொல்ல முடியாது, பாச்சியா” என்றார் மேலாளர் டேல் லிண்ட்க்விஸ்ட்.

“அது ஏன் சின்னதா இருக்குன்னு யாராவது பாத்தீங்களா?”

“மென்பொருள் பாக்குதே.”

“அதை யார் பாக்குறா?”

நானே மூலப் பதிவுகளைத் திறந்தேன். மொத்தம் பதினோரு பேர். அதில் ஒருத்தி யூவா வாங். (பெயரை மாற்றியிருக்கிறேன். நிஜப் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும்.) பிறந்தது 1950 ஜனவரி ஒன்று. மூன்று முகவரிகள். அக்டோபரில் புரூக்ளின் பார்க்கில் இறந்தவள், அடுத்த மார்ச்சில் வினோனாவில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். ‘தேதிப் பிழை’ என்று முத்திரை போட்டு யாரோ மூடியிருந்தார்கள்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பிறந்த தேதியை மறுபடி பார்த்தேன்; அம்மாவின் அடையாள அட்டையிலும் ஜனவரி ஒன்றுதான்.

அன்று மாலை அம்மா கடுகுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, நீ நெஜமா என்னைக்குப் பொறந்த?”

“நெல் அறுக்கும்போது. எந்த நாள்னு நெல்லைப் போய்க் கேளு.”

“அப்ப ஜனவரி ஒண்ணு?”

“அகதி முகாம்ல மேசை போட்டு உக்காந்திருந்தவன் எழுதினது. வரிசையில நின்ன அத்தனை பேரும் ஜனவரி ஒண்ணாந்தேதிதான் பொறந்தோம். என்னா பிரசவம்டி அது!”

“உங்க வரிசையில யூவா வாங் யாராச்சும் இருந்தாங்களா?”

“எந்த யூவா வாங்? அஞ்சு பேர் இருந்தாளுங்க. வாங் மாதிரி இருக்கறதே பதினெட்டுக் குலம், பொண்ணுக்கு வைக்கறது ஒரு முப்பது பேரு. கல்யாணம் ஆனாலும் அப்பன் குலப்பேருதான். தண்ணிக் குழாய்ல ‘நெட்டை யூவா, தெத்துப்பல்லு யூவா’ன்னு கூப்பிட்டாத்தான் யாருன்னு தெரியும்.”

மறுநாள் டேலின் அறைக்கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

“ஒரே பேரு, ஒரே பிறந்த தேதி, ஒரே நோய்னா ஒரே ஆளுன்னு மென்பொருள் எடுத்துக்குது. அது உங்க லிண்ட்க்விஸ்டுகளுக்குச் சரி. எங்காளுங்களைக் குவியலா சேத்து ஒருத்தராக்கிடுது.”

“நிரூபிக்கணும்.”

“ஆஸ்பத்திரிப் பதிவாளர்களோட பேச அனுமதி குடுங்க, நிரூபிக்கிறேன்.”

அனுமதித் தாளை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். என்மேல் உள்ள பாசத்தில் போட்டார் என்று நினைக்கவில்லை. தப்பான பதிவைக் கண்டால் அந்த மனுஷருக்குத் தூக்கம் வராது.

மூன்று வாரம் தொலைபேசிதான். கணவர் பெயர் என்ன, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் என்ன என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிவிட்டது. வினோனா பதிவாளர் ஷெரில் கத்தியே விட்டாள்.

“செத்துட்டாங்களா? செவ்வாக்கெழமை ஸ்கேனுக்கு வந்தாங்கம்மா! நர்சுங்களுக்கெல்லாம் ஒரு பை பச்சை மிளகாய் குடுத்துட்டுப் போனாங்க!”

“எங்க கம்ப்யூட்டர்ல அவங்க செத்து ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அதை நீயே அவங்ககிட்ட சொல்லு. நான் மாட்டேன்.”

பதினொன்று இருபத்தேழு ஆனது. டேல் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான் பிரித்ததில் இரண்டு தப்பு. நிஜமாகவே வீடு மாறியவர்களை இரண்டிரண்டு பேராக எண்ணியிருந்தேன். ஒத்துக்கொண்டேன். இருபத்தைந்து. நட்சத்திரம் போய், லட்சம் பேருக்கு எத்தனை என்ற எண் வந்தது. அந்தப் பக்கத்திலேயே பெரிய எண்.

குழுக் கூட்டத்துக்கு அம்மா தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் பேசி முடித்ததும் தலைவி கையைப் பிசைந்தார்.

“இத்தனை நாளா இது நமக்குத் தெரியாமப் போச்சே.”

“தெரியாமப் போகலைங்க” என்றேன். “எங்க பதிவகத்துலதான் கெடந்துச்சு. பிழைன்னு முத்திரை குத்தி மூடிட்டாங்க.”

வேலை போச்சு என்று நினைத்தேன். டேல் எழுந்து ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

“அவங்க சொல்றது சரி. முத்திரை குத்தினது நான்தான்.”

ஏழு கைகள் ஆதரவாக உயர்ந்தன, எதிராக இரண்டு. பரிசோதனை எங்களுக்கு.

வெளியே வந்ததும் அம்மா என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

“இதுல நம்மது எது?”

விரலை வைத்துக் காட்டினேன்.

“பெரிய நம்பரா?”

“எல்லாரையும் விடப் பெருசு.”

“அது நல்லதில்லையே.”

“நல்லதில்லைதான்.”

“யாரு எழுதினா?”

“நான்.”

அம்மா தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். வாசலில் நின்ற டேலுக்கும் காட்டினாள், அவர் பார்க்காததைக் காட்டுவதுபோல. அவர் தலையாட்டினார்.

“இன்னும் பத்துத் தாள் குடு. தொழிற்சாலையில நம்மாளுங்க நாப்பது பேர் இருக்கோம், மாத்தி மாத்திப் பாத்துக்குவோம்” என்றாள். “ரத்தம் குடுக்க என்னைக்கு, எங்க வரணும்னு ஒவ்வொண்ணுலயும் எழுதிடு. நம்ம எழுத்துல எழுது.”

அவள் முதுகை மேசையாக்கி எழுத ஆரம்பித்தேன்.