பத்தாயிரத்து ஏழு கோப்புகள்

பதிவறைக் குமாஸ்தாவை அலுவலகத்தில் எல்லோரும் ‘அலமாரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கோப்பைக் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துத் தருவார்.

புதிதாக வந்த இயக்குநருக்குச் சமத்துவத்தில் தீராத பிடிப்பு. வந்த வாரமே உத்தரவு போட்டார்: பதிவறையைக் கலைத்து, கோப்புகளை ஆறு பிரிவுகளுக்கும் சரிசமமாகப் பங்கிட வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அலமாரி எண்ணினார். பத்தாயிரத்து ஏழு. ஆறால் வகுத்தால் ஐந்து மிஞ்சியது.

“பிரிவை ஏழாக்கிட்டா?” என்றார் இயக்குநர். நாலு மிஞ்சியது. எட்டுக்கு ஏழு மிஞ்சியது.

அன்று சாயங்காலம், கல்லூரியில் கணிதம் படிக்கும் மகளிடம் அலமாரி புலம்பினார். அவள் கொஞ்ச நேரம் காகிதத்தில் கிறுக்கிவிட்டுச் சொன்னாள்: “அது பகா எண்ப்பா. ஒண்ணாலயும் அதாலயும் தவிர எதாலயும் வகுபடாது.”

“ஐந்நூறு பிரிவு வெச்சாக்கூடவா?”

“நூறைத் தாண்டிப் பாக்கவே வேணாம். நூறுக்கு மேல ஒரு எண் வகுத்தா, அதோட ஜோடி நூறுக்குள்ள இருந்தாகணும். நூறு வரைக்கும் பாத்துட்டேன். ஒண்ணும் தேறல.”

மறுநாள் இதைக் கேட்டு இயக்குநரின் முகம் சுண்டிப்போனது. “எண் ஒத்துழைக்கலன்னு மேலிடத்துக்கு எழுதச் சொல்றீங்களா?”

“அது எண்ணோட சுபாவம், சார்.”

“சுபாவத்தை மாத்தத்தானே நிர்வாகம் இருக்கு?”

ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். மூன்று மாதம் கூடிக்கூடிக் கலைந்தது. எண்ணிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம் என்றார் ஒருவர். அவசரப்படாமல் பதிமூன்றால் இன்னொரு தடவை வகுத்துப் பார்க்கலாம் என்றார் மற்றொருவர். இதையெல்லாம் எழுதிய காகிதங்கள் மலைபோல் குவிந்ததால், அலமாரி அவற்றுக்கென்று ஒரு புதுக் கோப்பு திறந்தார். வரிசை எண் போடும்போது கை அப்படியே நின்றது. பத்தாயிரத்து எட்டு. ஆறால் வகுத்தார். பிரிவுக்கு ஆயிரத்து அறுநூற்று அறுபத்தெட்டு. மிச்சம் இல்லை.

குழுவின் கடும் உழைப்பால் தீர்வு கிடைத்ததாக மேலிடத்துக்குக் கடிதம் போனது. திங்கட்கிழமை பங்கீடு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இயக்குநர் அலமாரியைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

“உங்களைப் பாராட்டித் தனிக் கோப்பே திறந்திருக்கேன். எண் போட்டுச் சேத்துடுங்க.”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்ட முதல் நல்ல வார்த்தை. அலமாரி கோப்பை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போதுதான் உறைத்தது: பத்தாயிரத்து ஒன்பது. மகளுக்குப் போன் போட்டார்.

“அதுவும் பகா எண்தான்ப்பா,” என்றாள் அவள். “பத்தாயிரத்து ஏழும் இதுவும் இரட்டைப் பிறவி.”

கோப்பிலிருந்த பாராட்டுக் கடிதத்தை இரண்டு தடவை நிதானமாகப் படித்தார். பிறகு கோப்பைப் பைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை ஆறு பிரிவுகளும் முணுமுணுப்பில்லாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டன.

“இதுல எண்ணே போடலியேப்பா?” என்றாள் மகள், கோப்பைப் புரட்டிக்கொண்டே.

“போட்டா மறுபடியும் குழு உக்காரும்மா. படிச்சிட்டு பீரோல வை.”