பின்னாலேயே போன கதாநாயகன்

குடவாசலில் ஹமீதா பானு நடத்திய வீடியோ கடையில் இரண்டு டெக்குகள் இருந்தன. இரண்டையும் துபாயிலிருந்து அனுப்பியவன் அவள் கணவன் லியாகத் அலி. கடையைப் பற்றி ஒரு புகார் வந்தாலும் இரண்டையும் விற்றுவிடுவேன் என்று கடிதமும் அனுப்பியிருந்தான். டெக் போனால் ஹமீதாவுக்கு நாள் முழுக்க மாமியார் முகம்தான் படம்.

மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அவள் ஒரு வேலை செய்வாள். கதாநாயகன் கதாநாயகியை அறைந்து திருத்தும் காட்சி எந்தப் படத்தில் வந்தாலும், ஒரு டெக்கில் அதைப் பின்னோக்கி ஓடவிட்டு மற்றதில் பதிவு செய்வாள். கன்னத்திலிருந்து கை பிடுங்கிக்கொண்டு போகும். ஆளும் பின்னாலேயே நடந்து வாசலைத் தாண்டிவிடுவான். பெண் எப்படி இருக்க வேண்டும் என்று அவன் பாடம் எடுக்கும் இடத்தில், யாரோ வீட்டுக் கல்யாணக் கேசட்டிலிருந்து எடுத்த எருமை ஒன்று அசைபோடும். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிரும்.

அரசப்பன் வந்தது கரண்ட் போன நேரத்தில். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மாமியார், கொழுந்தியாள், செத்துப்போன சித்தப்பா என்று ஆளாளுக்கு நிலத்தை எழுதிவைத்த பண்ணையார் அவர். ஆணுக்குச் சமமாகக் கூலி தராமல் நடவுக்கு இறங்க மாட்டோம் என்று பெண்கள் அவர் வயல் வரப்பில் செங்கொடி நட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடங்காத பெண் ஒரே அறையில் அடங்கும் படம் வேண்டும், பண்ணைக் கொட்டகையில் அவர்களைக் கூட்டி நீயே வந்து போட்டுக் காட்டினால் புத்தி வரும் என்றார். இருட்டில் ஹமீதா எடுத்துவைத்தது வேறு கேசட்.

டெக்கோடு போய்க் கொட்டகையில் படத்தை ஓடவிட்டதும் அவளுக்கு உயிரே போய்விட்டது. கதாநாயகன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான். பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுவதுதான் அந்தப் பெண்களின் பிழைப்பு. நடவுக்காரி செவ்வந்தி எழுந்து நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் பின்னால போறாரு. கையில நாத்துமுடி குடுத்திருந்தா இந்நேரம் ஒரு மா நெலம் நட்டிருப்பாரு."

கொட்டகையே குலுங்கியது. நாளைக்கே சரியான படத்தைப் போடாவிட்டால் துபாய்க்குக் கடிதம் போகும் என்று அரசப்பன் குதித்தார்.

மறுநாள் அசல் படம் ஓடியது. கதாநாயகன் முன்னால் நடந்து வந்தான், அறைந்தான். ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஹமீதாவுக்குத் தன் கன்னமே எரிந்தது. செவ்வந்திதான் வாயைத் திறந்தாள்.

"பாய் வீட்டம்மா, படம் பின்னால ஓடுது. நேரா ஓட்டுங்க."

பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இதற்குமேல் பேச்சுவார்த்தைக்கும் வர மாட்டோம் என்றார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து நாலு நாள் ஆயிற்று. நாற்றங்காலில் நாற்று முத்திக்கொண்டிருந்தது. அரசப்பன் மாமியார் நிலத்தை நினைத்தார், செத்த சித்தப்பாவின் நிலத்தையும் நினைத்தார். பிறகு ஹமீதாவின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடுதாசி எல்லாம் போடலை. கூலியும் சமம்தான். நீ அந்த எருமைப் படத்தையே போடும்மா."