உப்பில்லாத கஞ்சி

என் தம்பி தட்சணாமூர்த்திக்கு முதுகெலும்பில் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். முதலில் விழுங்கியதும் குழந்தை மாதிரி தூங்கினான். போகப் போக அதே மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. அளவைக் கூட்டவும் விடமாட்டான். எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்து ஆட்கள் செத்ததைக் கண்ணால் பார்த்தவன். இன்னும் இன்னும் என்று கேட்டால் அது போதைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் ஷாலினி பொறுமையாக விளக்கினாள். மூளைச் செல்லில் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. மார்ஃபின் அதில் போய் உட்கார்ந்தால் வலி அடங்கும். திரும்பத் திரும்ப உட்கார்ந்தால், செல்லே அந்த ஏற்பியின் உள்பக்கத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பிறகு அது முன்போல் வேலை செய்யாது. அளவைக் கூட்டுவது அதற்காகத்தான், இவன் குடிகாரனாகிவிட்டான் என்று அர்த்தமில்லை. பாஸ்பேட் என்றால் என்ன என்று தம்பி பொண்டாட்டி ஆராயி கேட்டாள். ஒரு மாதிரி உப்பு என்று சொல்லிவிட்டு ஷாலினி கிளம்பிவிட்டாள்.

உப்பளத்தில் வேலை செய்கிறவளிடம் போய் உப்பு என்று சொல்லலாமா? அதிலும் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்கிற ஆராயியிடம்!

அடுத்த வாரம் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். அவள் குண்டானிலிருந்த கஞ்சியை ஒரு வாய் குடித்தேன். சப்பென்று இருந்தது. என்ன கூத்து என்று கேட்டதும், என்னைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்த உப்பு போயி ஒட்டிக்கிட்டுதான் மருந்து வேலை செய்யல அண்ணி. நாம போடலன்னா அது எங்கேர்ந்து வரும்?"

அவளும் அதே கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவளைத் திட்டும்போது, சோத்தில் உப்புப் போட்டுத்தானே தின்கிறாய் என்பேன். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஷாலினி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆராயியின் கையைப் பிடித்துக்கொண்டு, அது சாப்பாட்டு உப்பு இல்லை, எல்லார் உடம்புக்குள்ளும் எப்போதும் இருப்பது, கஞ்சியில் உப்பை நிறுத்தினால் நிற்காது என்று புரியவைத்தாள். ஆராயியின் முகம் செத்துப்போனது. புருஷனுக்காக அவளால் செய்ய முடிந்த ஒன்றே ஒன்றும் கையைவிட்டுப் போய்விட்டது.

தட்சணாமூர்த்தி மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினான்.

"உப்பு இல்லன்னு மொத வாயிலயே தெரிஞ்சிது. மறந்துட்டாபோலன்னு வுட்டுட்டேன். சொன்னா அழுவா." அவளைப் பார்த்தான். "நீயும் இதத்தான் குடிச்சியா?"

ஆராயி தலையாட்டினாள்.

பிறகு ஷாலினியிடம் சொன்னான்.

"டாக்டர கேட்டு மாத்திரைய கூட்டிக் குடும்மா. நான் பல்ல கடிக்கலாம், இவ எதுக்கு உப்பில்லாம கெடக்கணும்?"