அபிராமபுரத்துப் பெருச்சாளி

அப்துல் கய்யூமுக்குப் பாண்டி பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை. வீடு அபிராமபுரத்தில், மூன்று மாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில். கடையை விட்டால் அவருக்கு இருந்த ஒரே ஆசை ஏர்கன் என்கிற காற்றுத் துப்பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீளமான பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம் பழந்துணி அடைத்த மரப்பெட்டி ஒன்று இருக்கும். அதன்மேல் வட்டம் போட்ட அட்டையைக் குத்தி வைத்துவிட்டு, எதிர்க்கோடியில் நாற்காலி போட்டு உட்காருவார். குழலை மடக்கி, ஒரு ஈயக் குண்டைச் செருகி, நிமிர்த்தி, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்து விசையை அழுத்துவார். டப் என்று ஒரு சத்தம். பிறகு எழுந்து நடந்துபோய் அட்டையைப் பார்ப்பார். திரும்பி வந்து உட்காருவார்.

"இதுல இன்னாதான் கீது?" என்று மனைவி சகினா ஒருமுறை கேட்டாள்.

"மனசு ஒரு எடத்துல நிக்குது" என்றார் கய்யூம்.

அந்தப் பச்சைப் பையைப் பார்த்துப் பார்த்தே குடியிருப்பில் எல்லோரும் அவரைப் பெரிய வேட்டைக்காரர் என்று முடிவு கட்டியிருந்தார்கள். லிஃப்டில் யாராவது, "என்ன பாய், காட்டுப்பக்கம் போறதுண்டா?" என்று கேட்டால் மீசைக்குள் சிரித்துக்கொள்வாரே தவிர, இல்லை என்று சொல்லமாட்டார். உண்மையில் அவர் ஒரு காக்கையைக்கூடச் சுட்டது கிடையாது. பக்ரீத் அன்றைக்குக் கடா அறுக்கும் நேரம் பார்த்து அவருக்குப் பால் வாங்கும் வேலை வந்துவிடும். இது சகினாவுக்கு மட்டும் தெரியும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் சுயம்புலிங்கம் மாடியேறி வந்தார். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பாய், கார் ஒயரை மறுபடி கடிச்சு வச்சிருக்கு அந்தப் பெருச்சாளி. மெக்கானிக் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். மருந்து வச்சா எங்கயாவது சந்துல செத்துக் கிடந்து நாறும். நீங்க இருக்கும்போது நாங்க ஏன் கவலைப்படணும்? ஒரு வெடி போதும் உங்களுக்கு."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தார் கய்யூம். ஆனால் இத்தனை வருஷம் மீசைக்குள் சிரித்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து குறுக்கே நின்றது.

"பாக்கலாம் சார்" என்றார்.

கதவைச் சாத்தியதும் சகினா சமையலறையிலிருந்து வந்தாள். "இன்னாத்துக்கு ஒத்துக்கினீங்க?"

"ஒத்துக்கல. பாக்கலாம்னுதான் சொன்னேன்."

"அந்த மனுசன் படியெறங்கும்போதே ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு போறாரு. காது கேக்குது இல்ல?"

கேட்டது.

டார்ச் பிடிக்கும் வேலை தரைத்தளத்து வெங்கடரமணனுக்கு வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடியும் முன்பே எழுந்துவிடுகிறவர் என்பதால் செயலாளரே அவரைத் தேர்ந்தெடுத்தார். அவர் மனைவி விசாலாக்ஷி வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். அவளுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை.

"பிள்ளையாரோட வாகனமோன்னோ. நம்மாத்து வாசல்ல வெச்சு இது வேண்டாம்."

"நான் வெறும் டார்ச்தானே பிடிக்கப்போறேன்" என்றார் வெங்கடரமணன்.

முதல் நாள் விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டுக் கய்யூம் பையோடு இறங்கினார். வெங்கடரமணன் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, ஃப்ளாஸ்க்கில் காபியோடு காத்திருந்தார். இருவரும் மாடிப்படிக்கு அடியில் பிளாஸ்டிக் ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். கார்களுக்கு நடுவே மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சாக்கடை மூடியின் உடைந்த மூலையிலிருந்து அது வெளியே வந்தது. பூனைக்குட்டியைவிடப் பெரியது. வெங்கடரமணன் டார்ச்சை அடித்தார். கய்யூம் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் வெளிச்சம் பட்டென்று அணைந்துவிட்டது.

"பேட்டரி போயிடுத்து போலிருக்கு பாய்."

"பரவால்ல சார், பரவால்ல" என்றார் கய்யூம். சொன்ன வேகத்தில் அவருக்கே கூச்சமாகிவிட்டது. பொழுது விடியும்வரை இருவரும் காபி குடித்தபடி கண்புரை ஆபரேஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள், துப்பாக்கிக்குப் பராமரிப்பு பார்க்க வேண்டியிருக்கிறது என்று செயலாளருக்குச் சொல்லி அனுப்பினார். அது பொய்யும் இல்லை. உள்ளே காற்றை அழுத்தித் தள்ளும் பிஸ்டனின் தோல் வாஷர் தேய்ந்துபோய், குண்டு கொஞ்ச நாளாகவே சோம்பலாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கழற்றினார். ஸ்ப்ரிங் துள்ளி ஓடிவிடாமல் கிளாம்ப் போட்டுப் பிடித்து மெல்ல வெளியே எடுத்தார். குழலுக்குள் துணித்துண்டை நூலில் கட்டி இழுத்தார். கறுப்பாக வந்த துணி வெளுப்பாக வரும்வரை திரும்பத் திரும்ப இழுத்தார். எண்ணெயில் ஊறப்போட்ட புது வாஷரைப் பொருத்தினார். இதெல்லாம் எதற்கு என்பதே அந்த ஒரு மாலைப் பொழுதில் அவருக்கு மறந்துபோயிற்று. சகினா ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றார், குழந்தையைப் போலச் சிரித்துக்கொண்டு. அவள் ரசத்தைத் திரும்ப அடுப்புக்கே கொண்டுபோனாள். அந்தச் சிரிப்புக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம், அவரிடம் சொன்னதில்லை.

புது வாஷர் போட்டால் மொட்டைமாடியில் சில குண்டுகள் சுட்டு, மிஞ்சிய எண்ணெயைத் தீர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே எண்ணெய் பற்றிக்கொண்டு வெடிக்கும். மழை விடவில்லை. செயலாளரும் விடவில்லை. "பாய், நேத்து டாக்டர் வண்டியையும் கடிச்சிருச்சு" என்று போன் வந்தது. மறுநாள் விடியலில் கய்யூமும் வெங்கடரமணனும் மறுபடி படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார்கள்.

இம்முறை டார்ச்சுக்கு வேலை இல்லை. டியூப்லைட்டே எரிந்தது, செயலாளர் போட்டுவிட்டுப் போயிருந்தார். பெருச்சாளி நனைந்த உடம்போடு வந்து, யாரோ போட்ட தோசைத் துண்டை எடுத்துக்கொண்டு பின்னங்காலில் உட்கார்ந்தது. துப்பாக்கியின் மேலிருந்த ஸ்கோப் வழியாகப் பார்த்தால் அது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல இருந்தது. தின்று முடித்ததும் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டது. ஒரு காது கிழிந்திருந்தது.

கய்யூமால் முடியவில்லை. குழலை மெதுவாக நகர்த்தி, கட்டட வேலை முடிந்து மீந்துபோன மணல் குவியலைக் குறிவைத்து விசையை அழுத்தினார்.

டமார் என்றது. தீபாவளி அணுகுண்டு வெடித்ததுபோல் கட்டடமே அதிர்ந்தது. குழலிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. பெருச்சாளி போன இடம் தெரியவில்லை. மாடிதோறும் விளக்கு எரிந்தது. "கேஸ் சிலிண்டரா?" என்று யாரோ கத்தினார்கள். சுயம்புலிங்கம் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பட்டுதா பாய்?"

கய்யூம் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து வெங்கடரமணன் குரல் வந்தது.

"பட்டுடுத்து. அப்படியே சாக்கடைக்குள்ள விழுந்துடுத்து. நான் பார்த்தேன்."

கய்யூம் திரும்பி அவரைப் பார்த்தார். வெங்கடரமணன் ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் காலை முழுவதும் கைதட்டல் படங்கள். கடைக்குக் கிளம்பக் கய்யூம் ஸ்கூட்டரை எடுக்கப் போனபோது விசாலாக்ஷி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக, "பாய், மஹ்விஷ் ஃபோன் பண்ணாளா?" என்று ஷார்ஜாவிலிருக்கும் அவர் மகளை விசாரிப்பவள். அன்றைக்குத் தலை நிமிரவே இல்லை. கண் சிவந்திருந்தது. கடையில் கய்யூமுக்கு வேலை ஓடவில்லை. ஒருவருடைய பவரை இன்னொருவர் பில்லில் எழுதினார்.

ராத்திரிச் சாப்பாடுவரைகூடப் பொறுக்காமல், வீட்டுக்குள் நுழைந்ததுமே சகினாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"மாமி மூஞ்சியப் பாக்க முடியல."

சகினா துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "வாங்க, நானும் வரேன். சொல்லிட்டு வந்துருவோம்."

கதவைத் திறந்த வெங்கடரமணன் இவர்களைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கினார். விசாலாக்ஷி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கய்யூம் உட்காராமல், நின்றபடியே பேசினார்.

"மாமி, நான் அத்தச் சுடல. மணல்லதான் சுட்டேன். நான் இதுவரைக்கும் ஒரு ஜீவனையும் சுட்டதில்ல. அட்டையத்தான் சுடுவேன். வேட்டைக்காரன்னு நீங்கள்லாம் நெனச்சது எனக்கும் நல்லா இருந்துச்சு, அதனால சும்மா இருந்துட்டேன்."

விசாலாக்ஷி கணவர் பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்க பார்த்தேன்னு சொன்னேளே?"

"பொய்தான்" என்றார் வெங்கடரமணன். "அத்தனை பேருக்கு முன்னாடி பாய்க்குத் தலைகுனிவா போயிடுமேன்னு சொல்லிட்டேன். உங்கிட்ட சொன்னா நீ வாயை வெச்சுண்டு சும்மா இருக்கமாட்டே." கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு டார்ச்சும் நான்தான் அணைச்சேன். பேட்டரி நன்னாத்தான் இருந்தது."

கய்யூம் ஸோஃபாவில் உட்கார்ந்துவிட்டார். "சார், அத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நான் மேல போய் நிம்மதியா படுத்திருப்பேனே."

"நீங்க சுடறதுக்குன்னே துடிச்சிண்டிருக்கேள்னு நெனச்சேன் பாய்."

முதலில் சிரித்தது சகினா. விசாலாக்ஷிக்கும் தொற்றிக்கொண்டது. சுவரில் சாய்ந்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "நாலு வீடு கேக்கறமாதிரி வெடிச்சேளே பாய், மணலுக்கா அது?" என்றாள். அப்புறம் உள்ளே போய் அடை வார்க்க ஆரம்பித்தாள். அவர்கள் சாப்பிடாமல் போக அவள் விடவில்லை.

செயலாளரிடம் நால்வருமாகவே போனார்கள். சுயம்புலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "நங்கநல்லூர்ல மச்சினன் வரைக்கும் சொல்லிட்டேனே பாய்" என்றார். சகினாதான் அவரைச் சாக்கடை மூடிக்கு அழைத்துப்போய் உடைந்த மூலையைக் காட்டினாள். அந்த வாரமே அதற்கு இரும்புவலை வந்தது. குப்பைத்தொட்டிக்கு மூடி வந்தது. கார் ஒயர்களுக்கு மெக்கானிக் உறை மாட்டிக்கொடுத்தார். பெருச்சாளி அடுத்த தெருக் காலி மனைக்குக் குடிபோய்விட்டதாக விசாலாக்ஷி சொன்னாள். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மழை விட்டபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்கடரமணன் மொட்டைமாடிக்கு வந்தார். "நானும் ஒண்ணு சுட்டுப் பார்க்கட்டுமா பாய்?" அவருக்குக் குழலை மடக்கவே வலு போதவில்லை. கய்யூம் மடக்கிக் கொடுத்தார். குண்டு அட்டையில் படாமல் மரப்பெட்டியின் மூலையில் பட்டது. ஆனாலும் வெங்கடரமணன் எழுந்து போய் அந்த ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

பாட்டு வகுப்பு முடிந்து விசாலாக்ஷியும் மேலே வந்தாள். கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்தாள்.

"எழுந்திருங்கோ" என்று கணவரை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கய்யூம் துப்பாக்கியை அவள் தோளில் சரியாகப் பொருத்தினார்.

"மாமி, அவசரமே இல்ல. வட்டத்தப் பாருங்க, மெதுவா அழுத்துங்க."

டப். அட்டையின் கடைசி வட்டத்தில், ஓரமாக, ஒரு சின்ன ஓட்டை விழுந்தது.

"அட" என்றாள் விசாலாக்ஷி.

"பட்டுச்சு மாமி."

"குக்கர் வெச்சுட்டு வந்திருக்கேன், போகணும்" என்றாள் அவள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த குண்டுக்காகக் கய்யூமிடம் கையை நீட்டினாள்.