பெர்கோலாவும் பதினோரு மணி வெயிலும்

என் கணவர் பிராங்ளின் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் கோப்பு திறப்பவர். போன ஜூனில், தில்லி மோதி பாக்கில் எங்கள் தரைத்தளக் குவார்ட்டர்ஸின் முன்னால் இருக்கும் துண்டு நிலத்தை 'லேண்ட்ஸ்கேப்' செய்யப்போவதாக அவர் அறிவித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்த தூக்கக் கலக்கத்தில் தலையாட்டிவிட்டேன். என் வாழ்க்கையின் முக்கியமான முடிவுகளெல்லாம் அப்படி எடுக்கப்பட்டவைதான்.

அவருடைய குரு, யூடியூபில் வீட்டுத்தோட்டம் சொல்லித்தரும் ஒரு கோயம்புத்தூர்க்காரர். "நண்பர்களே, தோட்டத்துக்கு முதல் எதிரி வெயில்தான்," என்று ஆரம்பிப்பார். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. எங்கள் வீட்டில் ஏசி வேறு ரிப்பேர். பிராங்ளினுக்கு அது வேதவாக்காகப் பட்டது. நிலம் முழுக்க மூங்கிலில் பெர்கோலா, அதன்மேல் பச்சை நிழல்வலை, கீழே கூழாங்கல் பாதை என்று படம் வரைந்து என்முன் வைத்தார். எங்கள் பாளையங்கோட்டையில் இதைப் பந்தல் என்பார்கள். கல்யாணம் முடிந்ததும் பிரித்தும் விடுவார்கள்.

குளிர்காலத்தில் தில்லியில் இருந்து பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் இங்கே வெயில் என்பது சொத்து. எதிரே நிற்கும் ஏழு மாடிக் கட்டடத்தைத் தாண்டி எங்கள் வாசலுக்கு அது பதினோரு மணிக்கு வரும், இரண்டு மணிக்குப் போய்விடும். டியூட்டி முடிந்து வந்து, குளித்து, மடக்கு நாற்காலியைப் போட்டு, வலிக்கிற கால்களை வெயிலில் நீட்டி, வேர்க்கடலை உடைத்தபடியே நான் தூங்கிப்போவேன். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் எனக்கென்று இருக்கும் ஒரே சுகம் அது.

"ஏங்க, இந்தப் பந்தலப் போட்டா எனக்கு வெயில் எப்படி வரும்?" என்று கேட்டேன்.

"பந்தல் இல்லட்டி, பெர்கோலா," என்று திருத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒன் கருத்து பதிவு செய்யப்பட்டது," என்றார்.

அரசாங்க அலுவலகத்தில் ஒருமுறையாவது மனு கொடுத்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஜூனில் போட்ட திட்டம், அரசாங்க வேகத்தில், நவம்பர் கடைசியில் முடிந்தது. நடுவில் அலங்காரமும் நடந்தது. மாடி வீட்டுக்காரர்கள் கழற்றிப் போட்ட வாஷ்பேசினில் பெட்டூனியா வைத்தார். இரண்டு பழைய கார் டயர்களை வெட்டி அன்னப்பறவை செய்தார். ஒன்று வாத்து மாதிரி வந்தது. இன்னொன்று டயர் மாதிரியே வந்தது.

டிசம்பரில் வெயிலும் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தது. வந்து வலைமேல் உட்கார்ந்துகொண்டது. கீழே பிரிட்ஜுக்குள் இருப்பதுபோல் இருந்தது. பெட்டூனியா பூக்கவே இல்லை. கோயம்புத்தூர்க்காரர் அந்த வாரம் 'வெயிலைச் சமாளிப்பது எப்படி, இரண்டாம் பாகம்' போட்டார். பிராங்ளின் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதையும் பார்த்தார்.

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் போய் உட்கார்ந்தேன். வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்களா என்று காய்கறி வண்டிக்காரர் ஹிந்தியில் விசாரித்தார். சிரித்துச் சமாளித்தேன். அவர் போனதும் அழுகை வந்தது. மூன்று மணி நேர வெயிலுக்கு நடுரோட்டுக்கு வரவேண்டியிருக்கிறதே என்று அவமானமாக இருந்தது.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை எங்கள் காலனியில் தோட்டப் போட்டி. ஒன்பது நாள் மூடுபனிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சூரியன் முகம் காட்டியது. பிராங்ளின் கோட்டும் டையுமாக வாசலில் நின்றார். நடுவர்களாக மிஸஸ் கன்னாவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். பெர்கோலாவுக்குள் நுழைந்ததும் மூவரும் சால்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். "பஹுத் அச்சா," என்று பல் கிடுகிடுக்கச் சொன்னார் மிஸஸ் கன்னா. இரண்டே நிமிஷத்தில் மூவரும் வெளியே வந்துவிட்டார்கள். அங்கே வெயிலில் நான்.

"ஹாய், கித்னி அச்சி தூப்!" என்று வெயிலைப் புகழ்ந்தபடி மிஸஸ் கன்னா என் பக்கத்தில் நின்றுவிட்டார். உள்ளிருந்து நாற்காலிகள் கொண்டுவந்து போட்டேன். டீ, வேர்க்கடலை, மருமகள்கள் பற்றிய செய்திகள் என்று நாற்பது நிமிஷம் ஓடியது. உள்ளே பிராங்ளின் தன் அன்னப்பறவைகளோடு காத்திருந்தார்.

முதல் பரிசு பக்கத்து வீட்டு வைஷ்ணவிக்குக் கிடைத்தது. அவளிடம் இருப்பது ஆறு செவ்வந்தித் தொட்டியும் வெட்டவெளியில் ஒரு கயிற்றுக் கட்டிலும்தான். 'உட்காரத் தோன்றும் தோட்டம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிராங்ளினுக்கு 'சிறந்த முயற்சி' என்று ஒரு சான்றிதழ். அதற்குச் சட்டம் போட்டு மூங்கிலில் மாட்டினார்.

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்ததும் நான் ரோட்டோரம் போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் யாரோ கார் நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாற்காலிக்குத்தான் இடம். சற்று நேரத்தில் பிராங்ளின் வெளியே வந்தார். மங்கி குல்லாய், மப்ளர், சிவந்த மூக்கு. தும்மிக்கொண்டே நின்றார்.

"ஏட்டி ரெபேக்கா, கொஞ்சம் எந்திரியேன். நானும் செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன். உள்ள குளுரு தாங்கல."

நான் ஒரு கடலையை உடைத்து, தோலை ஊதிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஒங்க கருத்து பதிவு செய்யப்பட்டது," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். உள்ளே போனார். ஏணியை இழுக்கிற சத்தம் கேட்டது. நடுவில் நான்கு தும்மல். வலையின் ஒரு மூலை அவிழ்ந்து தொங்கியதும், வெயில் அந்த டயர்மேல் போய் விழுந்தது.

நான் நாற்காலியை மடக்கிக்கொண்டு கேட்டுக்குள் போனேன்.