சுத்தமான மேடு

அழகுமலைக்கு அந்த மேட்டைப் பற்றிக் கொஞ்சம் கர்வமே உண்டு. சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மருந்தடிக்கிற வேலை அவனுக்கு. அட்டையும் பாம்பும் பிள்ளைகளை அண்டக் கூடாதென்று, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் ஒன்பது வீடுகளில் எட்டுக்குப் பின்னால் எழும் மண்மேட்டில் மூன்று வருஷமாகக் களைக்கொல்லி அடித்து, புல் பூண்டு இல்லாமல் துடைத்து வைத்திருந்தான். எல்லோரும் மெச்ச மெச்ச அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி வீட்டு சாந்தம்மாள் மட்டும், "எம் மேட்டுல கால வச்சே, அருவாள எடுப்பேன்" என்று விரட்டிவிட்டாள். அங்கே புதர் மண்டிக் கிடந்தது.

நாலு நாளாக விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் அவன் மனைவி முருகேஸ்வரி இரண்டு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். இரண்டு மேட்டிலிருந்தும் எடுத்து அடுப்போரம் உலர்த்திய மண்கட்டிகளை டம்ளருக்கு ஒன்றாகப் போட்டாள். சாந்தம்மாள் மேட்டுக் கட்டி முழுசாக அப்படியே கிடந்தது. அவன் மேட்டுக் கட்டி பொலபொலவென்று உதிர்ந்து சேறாகிப் போனது.

"விவசாய ஆபீசு, அந்தக் கிருஷி பவன் ஷிஜி மேடம் காட்டுன சோதனை. செடி மக்குனாத்தான் மண்ணுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உசுருகளுக்குச் சாப்பாடாம். அதுக விடுற பசைதான் மண்ண ஒட்டி வைக்குதாம். நீங்க அதுகளப் பட்டினி போட்டுட்டீங்க."

அழகுமலை பின்வாசலுக்குப் போய் மேட்டை அண்ணாந்து பார்த்தான். பாவி, நல்லது என்று நினைத்தல்லவா செய்தான்! முருகேஸ்வரியையும் மகளையும் சாந்தம்மாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நனைந்துகொண்டே வீடு வீடாகக் கதவைத் தட்டினான்.

"மேடு சரிஞ்சிரும். கிளம்புங்க. தப்பு எம்மேலதான்."

ஒருவரும் அசையவில்லை. அண்ணனுக்கு எப்போதும் நம்மைப் பற்றித்தான் கவலை என்று உருகினார்கள். அந்த உருகலைக் கேட்கக் கேட்க அவனுக்கு அழுகை முட்டியது.

கடைசியாகத் தட்டியது சுருளிவேல் வீட்டை. அவன் பின்வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எவ்வளவு சுத்தமா இருக்கு! இதுவாண்ணே சரியும்? சரிஞ்சா சாந்தம்மா காடுதான் சரியும்."

"என்னை நம்பாதடா சுருளி" என்று அழகுமலை அவன் காலைப் பிடித்தான்.

"ஐயோ, உங்கள நம்பாம யாரண்ணே நம்புறது?" சுருளிவேல் பதறி அவனைத் தூக்கி நிறுத்தி, தலைதுவட்டத் துண்டை நீட்டினான். "ஏ புள்ள, அண்ணனுக்குக் காய்ச்சல் போல. சூடா ஒரு டீ போடு."

சுருளியின் மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள். பின்சுவரில் மண் வந்து மோதியது.