தம்பி மேல் வாங்கிய தீர்ப்பு

என் தம்பி மேல் நான் வாங்கிய தீர்ப்பு நாலு வருஷமாக பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. என் தையல் கடையின் ரெண்டு மெஷினை என்னைக் கேட்காமல் விற்றுத் தின்றவன் அவன். ஒரு லட்சம் தர வேண்டும் என்று நீதிபதி சொன்னார். சொன்னதோடு சரி. அவன் தரவில்லை. எனக்கென்று இருக்கிற ஒரே கூடப்பிறந்தவன், அவன் முகத்தில் நான் விழிக்கவே இல்லை.

தீர்ப்பை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது சிரித்தேன். பழைய பேப்பரா, எடை போட்டு விற்க? ஆனால் கடை வாடகை மூன்று மாதம் நின்றுபோயிருந்தது. போனேன். மருந்துக்கடைக்கு மேலே ரெண்டாவது மாடியில் ஒரு அறை, சுவர் முழுக்க ஃபைல்கள். கண்ணாடி போட்ட ஒருவர் தீர்ப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.

"முப்பதாயிரம் தரலாம்மா."

"லட்சத்துக்கு முப்பதா? பகல் கொள்ளையா இருக்கே!"

"லட்சம் காகிதத்துலதாம்மா இருக்கு. வசூல் பண்றது எங்க பாடு. வரலைன்னா நஷ்டமும் எங்களுதுதான்."

நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பணத்தை நீட்டிக்கொண்டே, "இனிமே அவரு உங்களுக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல, எங்களுக்குத்தான் தரணும். அவருக்கு நாங்களே லெட்டர் போட்டுடுவோம்" என்றார்.

படியிறங்கும்போதே தலை குழம்ப ஆரம்பித்துவிட்டது. கடன் இருக்கிறது, ஆனால் எனக்கு இல்லை. அப்படியானால் என் கோபம்? அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேனா? பணம் தராதவனிடம் என்ன பேச்சு என்றுதானே இத்தனை நாள் வீம்பாக இருந்தேன்? இப்போது பேசலாமா? வீட்டுக்காரரைக் கேட்டால், "பேசேன், யாரு வேணாம்னா?" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். ரெண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தொலைத்தேன்.

மூன்றாம் நாள் அவனே கடைக்கு வந்துவிட்டான். இளைத்துப்போயிருந்தான். மெஷின் மேல் ஒரு கவரை வைத்தான்.

"முழுசா இருக்குக்கா. வண்டிய வித்துட்டேன். இதைக் குடுக்காம உன் முன்னாடி வந்து நிக்க எனக்கு மூஞ்சி இல்ல."

அவனைப் பார்த்த சந்தோஷத்தில் கை நீண்டுவிட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். வாங்கினால் மோசடி. வாங்காவிட்டால் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைப்பான்.

"இது என்னுது இல்லடா."

"பின்னே யாருது?"

"தீர்ப்ப வித்துட்டேன். ஒரு ஆபீஸ்ல. நீ இனிமே அவங்களுக்குத்தான் கட்டணும்."

அவனுக்கு விளங்கவில்லை. ரெண்டு தரம் சொல்ல வைத்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எவ்வளவுக்கு?"

"முப்பது."

நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"கோர்ட்டு வாசல்ல உன் கையப் பிடிச்சுக் கெஞ்சினேன், பாதியாவது கொறைச்சுக்கோக்கான்னு. பைசா விடமாட்டேன்னுட்ட. யாருன்னே தெரியாத ஆளுக்கு எழுபது விட்டுக் குடுத்திருக்க."

வாடகை பாக்கி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் கவரை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அந்த ஆபீஸ் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டான்.